பெரிய மேசை, சின்ன மேசை

ஜூன் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நான் சுகம், உன் அண்ணனும் சுகம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் உன் அண்ணன் போனைப் பிடுங்கி அங்கே மழை பெய்கிறதா என்று விசாரிக்கிறார். ஒரு விஷயமும் பேசி முடிவதில்லை. லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நான் பதினோரு வருடமும் நீ ஆறு வருடமும் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதித்தானே சாப்பிட்டோம். நமக்குள் நாலு எழுதினால் கை தேய்ந்துவிடாது.

இந்த ஊருக்குக் குடிவந்த கையோடு லிஃப்ட் மெக்கானிக் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாயிற்று. நாற்பத்து மூன்று வயதில் காக்கிச் சட்டை, பேண்ட், தலையில் ஹெல்மெட். உன் அண்ணன் அரை மணி நேரம் சிரித்தார், பிறகு அவரே பேண்ட்டின் நீளத்தைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். லிஃப்ட்டைப் பற்றிப் பதினோரு வருடம் பதில் எழுதியவள் நேற்றுத்தான் முதல் தடவையாக ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி நின்றேன். கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கவே இல்லை. ஆனால் படுத்ததும் தூங்கிவிட்டேன். நாற்காலியில் இருந்த காலத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று பயிற்றுநர் கேட்டார். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது என்றேன். அது பாதி உண்மை. மீதியை உன்னிடம் சொல்வதற்கு என்ன.

நூலக லிஃப்ட்டின் பிரேக் தேய்ந்துவிட்டது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று மெக்கானிக் கிரீஸ் அண்ணன் வெள்ளிக்கிழமை மதியம் நம் ஆபீசுக்குப் போன் செய்தாராம். அந்தச் சேதி என் மேசையில் இருக்கும் கடிதத் தட்டுக்கு வரவே இல்லை. திங்கட்கிழமை லிஃப்ட் அரை மாடி சரிந்தது. புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே கால் வைத்த மனிதரின் பாதம் நசுங்கிப்போயிற்று. போன் உன் மேசையில்தானே இருக்கிறது, பொறுப்பு உன்னுடையது என்றார் மேலாளர். நான் அந்த நேரத்தில் சாப்பிடப் போயிருந்தேன் என்று சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிரீஸ் அண்ணன் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார், அந்த விலாசத்தை எனக்கு யாரும் தரவில்லை. போனை யார் எடுத்தார் என்றே சொல்லாமல் அவர் எழுதி அனுப்பிய நாலு வரியை வாசித்துவிட்டு மூன்று பேர் விசாரணையை முடித்தார்கள். நானாக விருப்பப்பட்டு விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆபீசில் எட்டுப் பேர். யாரோ ஒருவர் அந்தப் போனை எடுத்திருக்கிறார். என் சந்தேகமெல்லாம் மேலாளர்மேல்தான். நான் விடப் போவதில்லை சின்னவளே. அது யாராக இருந்தாலும் அந்த மனிதர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வாயால் சொல்ல வைப்பேன். அதுவரை எனக்குச் சோறு இறங்கும், ருசிக்காது.

என் இடத்தில் இப்போது யார்? மெக்கானிக்குகள் போன் செய்தால் நம் இருவரில் யார் என்று தெரிய “யாரு, பெரிய மேசையா சின்ன மேசையா?” என்பார்களே, இப்போது என்ன கேட்கிறார்கள்? எழுது.

அன்புடன்,
உன் அண்ணி


ஜூன் 21

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காக்கிச் சட்டையில் உங்களை நினைத்துப் பார்த்தேன். உங்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும், ஆபீசிலேயே நீங்கள் பாதி போலீஸ்தானே.

உங்கள் இடத்தை எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் அண்ணி. நான் கேட்கவில்லை. மேலாளர் வந்து “நாளையிலருந்து இங்க உக்காரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஆனால் இழுப்பறையைத் திறந்தால் உங்கள் தலைவலித் தைலத்தின் வாசனை. என் கடிதங்களைத் திருத்த இப்போது ஆள் இல்லை. சிவப்பு மை படாத காகிதத்தைப் பார்த்தால் யாருடையதோ மாதிரி இருக்கிறது.

போன வாரம் நூலகத்து மனிதர் ஏதோ கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்திருந்தார். கைத்தடி ஊன்றி நடக்கிறார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அவர் போகும்வரை திரும்பவில்லை.

அண்ணி, நடந்தது நடந்துவிட்டது. போனை யார் எடுத்தார் என்று தெரிந்து அந்த மனிதரின் கால் சரியாகப் போகிறதா? உங்களுக்கும் நல்ல வேலையாகத்தான் அமைந்திருக்கிறது. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். அண்ணனுக்கு இருமல் நின்றதா? அவர் சொல்லவே மாட்டார், நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அன்புள்ள,
சின்னவள்


ஆகஸ்ட் 17

அன்புள்ள சின்னவளுக்கு,

ஒரு வருடத்துக்கு மேலாக உன்னிடமிருந்து வெறும் வாழ்த்து அட்டைதான் வந்துகொண்டிருக்கிறது. என் பக்கமும் குறைதான், பயிற்சியும் பரீட்சையுமாக ஓடிவிட்டது. தேறிவிட்டேன். இங்கே ஒரு சின்னக் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று பேர் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நான் மேலே போய் மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்ட்டை மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். தோள் இரண்டும் கழன்றுபோகிற மாதிரி வலி. வெளியே வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கையெல்லாம் கிரீஸ், விடுங்கள் என்றால் கேட்டால்தானே. பதினோரு வருடத்தில் என் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருவரும் வந்து என் கையைப் பிடித்ததில்லை. இந்த வேலையை நாற்பத்து மூன்று வயதில் கண்டுபிடித்தேனே என்று எனக்கே என்மேல் கோபம்.

அது இருக்கட்டும். இப்போது உனக்கு ஒரு சேதி. நூலக லிஃப்ட்டின் பராமரிப்பு உங்கள் கையை விட்டுப்போய் எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. மாதம் ஒரு நாள் வேனில் வந்து வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும், அதனால்தான் உன் வீட்டுப் பக்கம் வர முடியவில்லை. போன புதன்கிழமை முதல் தடவை போனேன். அந்த மனிதரை இப்போது வாசலில் புத்தகத்துக்கு முத்திரை குத்தும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். விசாரணையில் பார்த்திருந்ததால் என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் என் காதில் விழும்படியே சொன்னார்: “இந்தம்மாவா? இவங்க தொட்ட லிஃப்ட்ல இனிமே யாரு ஏறுவா?”

அன்று எனக்குக் கீழே, லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் வேலை. நான் குழிக்குள் இறங்கி, அழுது முடித்துவிட்டு, பிறகு வேலையைப் பார்த்தேன்.

சின்னவளே, எனக்குப் பழைய வேலை வேண்டாம், மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அந்த மனிதருக்கு உண்மை தெரிய வேண்டும். அவருக்குத் தெரியாதவரை மாதம் ஒரு தடவை அந்தப் பார்வையைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். இதைச் செய்தவரை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது. அதே குழிக்குள் இறக்கி நிற்க வைத்து, தலைக்கு மேலே லிஃப்ட்டை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

உன் அண்ணி


ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் தேறியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன். மேலாளர்கூட “அந்தம்மா கெட்டிக்காரிதான்” என்றார். அவர் நவம்பரில் ஓய்வு பெறுகிறார். போகிற மனிதரிடம் போய் என்ன மல்லுக்கட்டு அண்ணி.

நான் சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள். உங்கள் கம்பெனியில் கேட்டு வேறு கட்டிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் முகத்தில் விழித்தால்தானே இந்த வேதனை. நான் இங்கே எவ்வளவு நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் டாக்டரிடம் போகச் சொல்கிறார்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லி அவரையும் கஷ்டப்படுத்தாதீர்கள்.

சின்னவள்


செப்டம்பர் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

டாக்டரிடம் போ. தூக்கம் முக்கியம்.

இந்த மாதம் நூலகத்தில் எனக்கு மேல் அறையில் வேலை. ஐந்து மாடி ஏறி, அதற்குமேல் சுவரோடு பதித்த இரும்பு ஏணியில் ஏறினால் மோட்டார் இருக்கும் அறை. கதவுக்குப் பின்னால் கம்பியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. எல்லா மேல் அறையிலும் தொங்கும். வருகிற மெக்கானிக் என்ன நேரத்துக்கு வந்தார், என்ன பார்த்தார், யாரிடம் சொன்னார் என்று அங்கேயே நின்று எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். உனக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. விசாரணை செய்த அந்த மூன்று பேருக்கும் தெரியாது. ஏனென்றால் நாம் எல்லாரும் நாற்காலிக்காரர்கள். கோப்பில் இல்லாத காகிதம் உலகத்திலேயே இல்லை என்று நினைப்பவர்கள். பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது நான் அந்த ஏணியில் ஏறியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

கிரீஸ் அண்ணன் எழுதி வைத்திருக்கிறார். யார் போனை எடுத்தார் என்றும் எழுதியிருக்கிறார். பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யார் என்பதை இப்போது சொல்லமாட்டேன், நேரில் வைத்துச் சொல்ல வேண்டியது.

உன்னால் எனக்கு ஒரு உதவி ஆக வேண்டும். அந்த ஆள் நூலகத்து மனிதரிடம் கொடுப்பதற்கு ஒரு கடிதம் வேண்டும். நான் எழுதினால் கோபத்தில் வார்த்தை தடித்துவிடும். உனக்குத்தான் பதவிசாக எழுத வரும். பெயர் வருகிற இடத்தைக் காலியாக விட்டு ஒரு வரைவு எழுதி அனுப்பு. அண்ணிக்காக இதைச் செய்யமாட்டாயா?

அன்புடன்,
உன் அண்ணி


செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதியிருக்கிறேன். இதற்குமேல் எனக்கு வரவில்லை. ஏழு தாளைக் கிழித்துப் போட்டேன்.

“ஐயா, வணக்கம். நூலக லிஃப்ட்டின் பிரேக் பழுது குறித்து மெக்கானிக் தொலைபேசியில் தெரிவித்த செய்தியை, வேலைப்பளுவினாலும் கவனக்குறைவினாலும் உரியவரிடம் சேர்க்கத் தவறியவர் ............... ஆகிய நான்தான். இதற்காக வேலையிழந்தவர்மீது எந்தத் தவறும் இல்லை. தங்களுக்கு நேர்ந்த துன்பத்துக்கு என் மனப்பூர்வமான வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

போதுமா அண்ணி? அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். தயவு செய்து சொல்லுங்கள்.

சின்னவள்


அக்டோபர் 1

சின்னவளுக்கு,

உன் வரைவைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு மை. “வேலைப்பளுவினாலும் கவனக்குறைவினாலும்” என்பதை அடித்திருக்கிறேன். ஏன் என்று கீழே பார். கிரீஸ் அண்ணன் எழுத்து அப்படியே:

“வெள்ளி, மதியம் 1.20. பிரேக் தேஞ்சிருக்கு. ஆபீசுக்குப் போன் பண்ணேன். சின்ன மேசை எடுத்தாங்க. எழுதி வைக்கிறேன்னாங்க.”

“சனி, காலை 10.15. இன்னும் நிறுத்தல. மறுபடி போன். சின்ன மேசைதான். நேத்தே குடுத்துட்டேன் அண்ணே, பெரிய மேசைதான் பாக்கலன்னாங்க.”

ஒரு தடவை மறந்தால் கவனக்குறைவு. அடுத்த நாள் மறுபடி போன் வந்தபோது, கொடுத்துவிட்டேன், அண்ணிதான் பார்க்கவில்லை என்று சொன்னாயே, அதற்குப் பெயர் என்ன? நானும் யோசித்துப் பார்த்தேன், வார்த்தை கிடைக்கவில்லை.

பதினைந்து மாதம் மேலாளரைச் சபித்துக்கொண்டிருந்தேன். உனக்கே எழுதிச் சபித்தேன். நீ அதைப் படித்துவிட்டு, அண்ணனுக்கு இருமல் நின்றதா என்று கேட்டாய். உன் கையைப் பிடித்து அந்த ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டு போனவள் நான். என் நாத்தனார், நல்ல பெண், வேலை கொடுங்கள் என்று நின்று கேட்டவள் நான். வரைவை நீயே எழுதும்படி கேட்டது பொல்லாத்தனம் என்று உனக்குத் தோன்றினால், ஆமாம், பொல்லாத்தனம்தான். உன் கையெழுத்தில் உன் குற்றத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தேன். அதைப் பிரித்த அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

பதினைந்தாம் தேதி எனக்கு அங்கே வேலை. அதற்கு முன்னால் நீ நூலகத்துக்குப் போக வேண்டும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவரக் கூடாது, அவர் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும், இரண்டு போன் என்பதையும் சேர்த்து. போகவில்லையென்றால் அந்தப் படத்தை உன் அண்ணன் கையில் கொடுப்பேன். இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ போனால் எப்போதும் சொல்லமாட்டேன்.

அண்ணி


அக்டோபர் 12

அண்ணிக்கு,

போனேன். நேற்று.

முதலில் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த வியாழக்கிழமை நினைவிருக்கிறதா? வெள்ளிக்கு முந்தின நாள். நான் எழுதிய ஒரு பதில் கடிதத்தை நீங்கள் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் முன்னால் உரக்க வாசித்தீர்கள், ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தி நிறுத்தி. என் குரலிலேயே வாசித்தீர்கள். மேலாளர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆறு வருடமாகச் சிவப்பு மை, அன்றைக்கு அதுவும் போதவில்லை உங்களுக்கு. வீட்டுக்கு வந்தால் அண்ணன் முன்னால் “இவளுக்கு நான்தான் எல்லாம் சொல்லித்தரேன்” என்பீர்கள். நான் தலையை ஆட்ட வேண்டும்.

மறுநாள் போனை எடுத்ததும் சீட்டு எழுதினேன் அண்ணி. உங்கள் தட்டில் வைக்கப் போனேன். வைக்கவில்லை. ஒரு நாள் தாமதமாகட்டும், மேலாளர் உங்களைக் கூப்பிட்டு ஒரு தடவை எல்லார் முன்னாலும் திட்டட்டும், அதை நான் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். சனிக்கிழமை நீங்கள் இடத்தில் இல்லாதபோது மறுபடி போன் வந்ததும் பயந்துபோய்ப் பொய் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் வைத்துவிடலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை காலையில் சேதி வந்துவிட்டது. சீட்டை வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

நேற்று அவர் முன்னால் நின்று இதையெல்லாம் சொன்னேன். நீங்கள் சொன்னபடி வாயால்தான் சொன்னேன். அவர் முத்திரை குத்திக்கொண்டே கேட்டார். இரண்டு போன் என்றதும் கை நின்றது. “ரெண்டு தடவையா பண்ணாரு?” என்றார். ஆமாம் என்றேன். முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “அந்தம்மா வரும்போதெல்லாம் நான் மனசுக்குள்ள என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? நீங்க போங்க. இங்க நிக்காதீங்க.” பின்னால் புத்தகத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மேலாளரிடமும் எழுதிக் கொடுத்தேன். “நான் போற நேரத்துல எதுக்கம்மா வம்பு” என்று இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதே மேசையில்தான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்டது எல்லாம் செய்துவிட்டேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, ஆனால் கேட்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு அண்ணனைப் பார்க்க வரலாமா? பழையபடி இருக்க முடியாதா அண்ணி?

சின்னவள்


அக்டோபர் 19

சின்னவளுக்கு,

அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாய். கணீரென்று வாசித்தேன், எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் அது இனித்தது. செய்தது கேவலம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், முழு மனதோடு கேட்கிறேன். நீ அன்றைக்கே என் முகத்தில் மையை வீசியிருக்கலாம். உன் அண்ணன் முன்னால் என்னை நாறடித்திருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு வைத்திருந்ததை நீ கொண்டுபோய் நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரின் காலில் இறக்கினாய். பிறகு என் வீட்டுக்கு வந்து எனக்குத் தேறுதல் சொன்னாய்.

புதன்கிழமை நூலகத்துக்குப் போனேன். அவர் இடத்தில் இல்லை. நான் மேல் அறைக்குப் போக ஐந்தாவது மாடிக்கு வந்தால், அங்கே அந்த இரும்பு ஏணியின் பக்கத்தில் கைத்தடியோடு நிற்கிறார். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த லிஃப்ட்டில் ஏறினாராம். மன்னிப்பு அது இது என்று ஒன்றும் பேசவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கருவிப் பையை வாங்கிக்கொண்டார். “ஏறிக்கங்க, நான் எடுத்துக் குடுக்கிறேன்” என்றார். நான் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

டிசம்பரில் தாராளமாக வா. உன் அண்ணன் உனக்காக மாடி அறைக்கு இப்போதே வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். சொன்ன சொல்படி அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என் தங்கச்சி மாதிரி உண்டா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நீ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்பு நான் பேசியபோது தலையை ஆட்டினாயே, அதைவிட இது கஷ்டமாக இருக்கும்.

வரும் தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது. அந்த நாட்களுக்கு நான் வெளியூர் வேலை கேட்டு வாங்கிக்கொள்வேன். இந்த வருடம் மட்டும் இல்லை, இனி நீ வருகிற ஒவ்வொரு தடவையும். நாலைந்து தடவை ஆனதும் அவர் உன்னைக் கேட்பார், நீ வரும்போதெல்லாம் உன் அண்ணி ஏன் வீட்டில் இருப்பதில்லை என்று. என்னைக் கேட்டால் உன்னைத்தான் கேட்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி